கடல் வாசம் வாங்கப் போய் இணைச்சீரில் மாட்டிக்கொண்டேன்

தம்பி கல்யாணம். கூறைச்சேலை வைத்த பேழைமூடிக் கூடையோடு அவன் பக்கத்தில் நிற்கிறேன். சடங்குகளை நடத்திவைக்கிற அருமைக்காரர் அடுத்த சீருக்கு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். வீடியோக்காரர் விளக்கை என் முகத்துக்கு நேராகத் திருப்புகிறார். அந்த நேரம் பார்த்துத் தம்பி, வாயை அசைக்காமல் மெல்லக் கேட்டான்: "அக்கா, யாரோ தர்பூசணிய அறுத்து வெயில்ல போட்டுட்டாங்களாட்ட இருக்குதே, உனக்கு அடிக்கலையா?" எனக்கு எதுவும் அடிக்கவில்லை. "பந்தி வெக்கற பக்கமிருந்து வருதாட்ட இருக்குது, சும்மா இரு" என்றேன். அரை நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது, அந்த வாசம் என்னிடமிருந்து வருகிறது என்று. 8,950 ரூபாய் கொடுத்து வாங்கிய வாசம்.

மாப்பிள்ளைக்கு இணையாக நின்று சீர் செய்கிற சகோதரிதான் இணைச்சீர்காரி. இணைச்சீர்காரி என்றால் அன்றைக்கு மாப்பிள்ளைக்கு அடுத்தபடி எல்லோர் கண்ணும் நம் மேல்தான் என்று கொங்குப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் பவுடரையும் சந்தனத்தையும் தாண்டி யாரும் போனதில்லை. அதனால் சென்ட் விஷயத்தில் எனக்கு யோசனை சொல்ல ஆளும் இல்லை. கேட்டால் விலையைக் கேட்டு நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள் என்று நானும் யாரிடமும் சொல்லவில்லை. தனியாகப் போய் வாங்கினேன், தனியாக ஏமாந்தேன், தனியாக டாக்டரிடம் போனேன்.

கடல் வாசம் எதற்கு என்று கேட்பீர்கள். ஐந்து வருஷம் சென்னையில் வேலை பார்த்தேன். திருவான்மியூரில் ரூம். வேலை முடிந்து எத்தனை மணி ஆனாலும் கடற்கரைக்கு நடந்து போய் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் ரூமுக்குப் போவேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு காங்கேயத்துக்கே வந்து, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்துவிட்டேன். எங்கள் ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் கொப்பரைக் களம். காற்று திரும்பினால் காய்கிற தேங்காய்ப் பருப்பு வாசம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். கிட்டத்தில் கடலைப் பார்க்க வேண்டுமானால் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி மலையாளக் கரைக்குப் போக வேண்டும். படுத்த படுக்கையாக அப்பா இருக்கும்போது அதெல்லாம் நடக்கிற காரியமா? அதனால் பாட்டிலில் கடல் கிடைக்கிறது என்று பார்த்ததும் மனசு விழுந்துவிட்டது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் மனசு விழுந்த இடத்தில் மூளை வேலை செய்யாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

கோவையில் ஒரு மாலுக்குள் கடை. உள்ளே ஏசி, பல் கூசும் அளவுக்குக் குளிர். கடைப் பையன் பேப்பர் ஸ்ட்ரிப்பில் அடித்து, இரண்டு முறை ஆட்டிவிட்டு நீட்டினான். எலுமிச்சைத் தோலை நகத்தால் கீறினால் கண்ணில் தெறிக்குமே, அந்த மாதிரி ஒரு வெட்டு. பின்னால் புதினா. அதற்கும் பின்னால் குளிர்ந்த தண்ணீர். கண்ணை மூடினால் மழைக்கு முந்தைய திருவான்மியூர். "இதுல திமிங்கலத்துல இருந்து எடுக்கற அம்பர் இருக்குதுங்க மேடம்" என்று வேறு சொன்னான். நான் நம்பினேன். பத்து நிமிஷத்தில் பில் போட்டாகிவிட்டது. 100 மில்லி.

அந்தத் திமிங்கலக் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். திமிங்கல அம்பர் என்று ஒன்று உண்டு. ஸ்பெர்ம் திமிங்கலத்தின் குடலில் உண்டாவது. நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். நம்மூர்ப் பேப்பரில் அடிக்கடி 'திமிங்கல வாந்தி பறிமுதல்' என்று வருவது இதுதான். கடைகளில் விற்கிற சென்ட்களில் பெரும்பாலும் இருப்பது அம்ப்ராக்ஸான். கிளாரி சேஜ் என்கிற செடியிலிருந்து எடுக்கிற பொருளை வைத்து ஆலையில் செய்வது. திமிங்கலம் இருக்கிறது என்று ஒருத்தர் சொன்னால் அவருக்கு விஷயம் தெரியாது, அல்லது நமக்குத் தெரியாது என்று அவருக்குத் தெரியும்.

சரி, கல்யாணத்துக்கு வருவோம். அக்னி நட்சத்திரம் முடியாத வைகாசி. ஏசி இல்லாத மண்டபம். அதிகாலை மூன்றே முக்காலுக்குக் குளித்துவிட்டு வந்து, கழுத்துக்கு இரண்டு பக்கமும், மணிக்கட்டு இரண்டிலும், முழங்கை மடிப்பில், சட்டென்று தோன்றிப் பின்னங்கழுத்திலும் அடித்தேன். சந்தன நிறப் பட்டைக் கட்டி முடித்தபின் முந்தானையிலும் ஒன்று. மொத்தம் ஒன்பது முறை. மணிக்கட்டு இரண்டையும் வைத்துத் தேய்க்கவும் செய்தேன். டிவி விளம்பரத்தில் அப்படித்தானே காட்டுகிறார்கள். அதற்கு மேல் நாலு முழம் சத்தியமங்கலம் மல்லி. நாலு மணிக்கு என் மேல் அடித்த வாசம் இருக்கிறதே, நானே சொக்கிப் போனேன். சித்தி பெண்கள் இரண்டு பேர் வந்து "என்ன சென்டுக்கா இது?" என்று கேட்டுப் போனார்கள். இணைச்சீர் தொடங்கியபோது மணி ஐந்தே கால். அதற்குள் நான் கடையில் முகர்ந்த சென்ட் ஆவியாகிப் போய்விட்டது. என் மேல் மிச்சம் இருந்தது வேறொன்று.

எனக்கு அன்றைக்குத் தெரியாத சங்கதி இதுதான். எந்த சென்டும் ஒரே வாசமாக இருப்பதில்லை, மூன்று கட்டமாக அவிழும். சீக்கிரம் ஆவியாகிற எலுமிச்சை, புதினா வகையறா முதல் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு. அது போனதும் நடு வாசம், சில மணி நேரம். கடைசியாகக் கனமான பொருள்கள் அடி வாசமாகத் தோலில் தங்கும். வெயிலும் உடம்புச் சூடும் ஏற ஏற இந்த ஓட்டம் வேகமாகும். கடைக்குள் ஏசியில், காகிதத்தில், பத்து நிமிஷம் முகர்ந்தால் நமக்குக் கிடைப்பது முதல் கட்டம் மட்டும். காகிதத்துக்கு உடம்புச் சூடும் இல்லை, வேர்வையும் இல்லை.

கடல் வாசம் என்று விற்பதில் கடல் ஒரு சொட்டும் கிடையாது என்பது இன்னொன்று. நிஜக் கடலின் வாசத்தில் பெரும்பங்கு டைமெத்தில் சல்ஃபைடு என்கிற கந்தகப் பொருளுடையது. கடலில் வாழும் நுண்ணிய பாசிகளால் உண்டாவது அது. அதைக் கெட்டியாக முகர்ந்தால் வெந்த முட்டைகோஸ் மாதிரி இருக்குமாம். யார் காசு கொடுத்துப் பூசிக்கொள்வார்கள்? அதனால் கடலை நினைவூட்டுகிற வேறொன்றைப் பிடித்தார்கள். 1966இல் பைசர் மருந்துக் கம்பெனியின் வேதியியலாளர்கள் கண்டுபிடித்த கேலோன். கொஞ்சமாக இருந்தால் கடற்காற்று, கூடினால் தர்பூசணி, இன்னும் கூடினால் சிப்பி. 1992இல் வந்த இஸ்ஸே மியாகேயின் லோ டிஸ்ஸே போன்ற சென்ட்கள் வழியாகத்தான் இது உலகம் முழுக்கப் பரவியது. 1988இல் வந்த டேவிடாஃபின் கூல் வாட்டர் பிரபலமாக்கியது டைஹைட்ரோமிர்சினால் என்கிற இன்னொரு பொருளை. துணி துவைக்கிற பவுடர்களிலும் அது தாராளமாகப் போகிறது. 'சென்ட் நல்லா இருக்கு, ஆனா துவைச்ச துணி மாதிரி அடிக்குது' என்று யாராவது சொன்னால் அவர் மூக்கு சரியாகத்தான் இருக்கிறது. கேலோன் லேசில் போகாது. எலுமிச்சை ஓடிப்போன பிறகும் அது தோலில் தங்கும். தம்பிக்கு அடித்த தர்பூசணி அதுதான்.

மல்லியும் சேர்ந்து கழுத்தறுத்தது. மல்லிகையில் இயற்கையாகவே இண்டோல் என்று ஒன்று இருக்கிறது. தனியாக முகர்ந்தால் பீரோவில் போடுகிற அந்துருண்டை ஞாபகம் வரும். பூவில் அளவாக இருக்கும்போது அதுதான் மல்லிக்கே அழகு. என் கழுத்தின் சூட்டில், வேர்வையில், தர்பூசணியோடு அது சேர்ந்தபோது என்ன ஆனது என்பதை அம்மாவைப் பெற்ற அம்மாயி ஒரே வரியில் சொல்லிவிட்டது. ஆசீர்வாதம் வாங்கக் குனிந்தேன். தலையில் கை வைத்த அம்மாயி, "ஏங்கண்ணு, பழக்கடைல பொணமாலையக் கொண்டாந்து போட்டாப்புல ஒரு வாசம் வருது, போயித் தண்ணி வாத்துட்டு வா சாமி" என்றது. சுற்றிலும் நாற்பது பேர்.

இதற்குள் நான் இன்னொரு தப்பும் செய்திருந்தேன். முகூர்த்தத்துக்கு முன்னால், வாசம் போய்விட்டது என்று நினைத்து மணமகன் அறைக்குப் போய் மறுபடி நாலு அடி. வாசம் எங்கேயும் போகவில்லை, என் மூக்குதான் அதைக் கணக்கிலிருந்து தள்ளிவிட்டது. ஒரே வாசத்தில் கொஞ்ச நேரம் இருந்தால் எல்லா மூக்கும் அப்படித்தான். கொப்பரைக் களத்தில் வேலை செய்கிறவர்களிடம் எண்ணெய் வாசம் அடிக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், என்ன வாசம் என்பார்கள். களத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்த எனக்கு இது தெரியாமல் போயிற்று. ஆக, உங்களுக்கே வாசம் வரவில்லை என்பதை வைத்து மறுபடி அடிக்காதீர்கள். வெளியிலிருந்து வருகிற யாரையாவது கேளுங்கள், அதுவும் மனசுக்குப் பட்டதை மூஞ்சிக்கு நேராகச் சொல்கிற ஆளாகப் பார்த்து. கடையில் ஒரு கிண்ணத்தில் காபிக்கொட்டை வைத்திருப்பார்கள், அதை முகர்ந்தால் மூக்கு தெளியும் என்று. வெறும் காற்றை விட அது பெரிதாக எதுவும் செய்வதில்லை. வெளியே போய் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு வாருங்கள், போதும்.

பத்து மணிக்குக் கழுத்தில் எரிச்சல். மதியம் சங்கிலி உரசிய கோட்டிலேயே சிவப்பாகத் தடித்துவிட்டது. சாயந்திரம் புடவையை அவிழ்த்து மடிக்கும்போது அம்மா கூப்பிட்டாள். முந்தானையில் பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு வெளிர்நீலத் திட்டு. கடல் என்றால் நீலமாக இருக்க வேண்டும் என்று அந்தத் தண்ணீரில் சாயம் கலந்திருக்கிறார்கள். பனியன் கம்பெனியில் நாள் முழுக்கச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பதே என் வேலை. துணித் துண்டில் ஈரம் வைத்துத் தேய்த்துப் பார்க்காமல் ஒரு ஆர்டரையும் அனுப்ப மாட்டேன். தம்பி கல்யாணத்துக்குக் கட்டிய என் பட்டில் நேராக நீலத் தண்ணீரை அடித்தேன். அன்றைக்கு ராத்திரி அழுகை வந்தது இந்தத் திட்டைப் பார்த்துத்தான், அம்மாயி சொன்னதற்குக்கூட இல்லை.

திருப்பூரில் தோல் டாக்டர் 500, களிம்பு 380. பட்டுக்கு டிரை வாஷ் 450. திட்டு மங்கியது, போகவில்லை. கடைக்குப் போன் செய்தேன். பிரித்த பாட்டிலைத் திரும்ப எடுக்க முடியாது என்றார்கள். பில்லிலேயே அப்படித்தான் அச்சடித்திருந்தது, நான்தான் படிக்கவில்லை. அதோடு விட்டேனா? 'அதே கடல் வாசம், லைட்டா இருக்கும், பாதி விலை' என்று இன்ஸ்டாகிராமில் ஒரு ஆள் விற்றதை 2,400 கொடுத்து வாங்கினேன். ஸ்பிரிட் வாசம்தான் வந்தது. வெளிநாட்டுச் சரக்கு என்றால் பெட்டியில் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எம்ஆர்பி, இறக்குமதிப் பதிவு எண் எல்லாம் இருக்க வேண்டும். அதில் ஒன்றும் இல்லை. 1915க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, அழைத்துப் புகார் பதிந்தேன். அதற்குள் அந்தக் கணக்கே காணாமல் போயிருந்தது. மொத்தம் கூட்டினால் 12,680. அந்தக் காசுக்கு நாலு முறை ராமேஸ்வரம் போய் வந்திருக்கலாம், நிஜக் கடலுக்கு.

டாக்டர் சொன்ன ஒரு விஷயம் எல்லோருக்கும் உதவும். புதிதாக எது வாங்கினாலும் முழங்கை உள்மடிப்பில் சின்ன இடத்தில் ஒரு நாளைக்கு இரண்டு முறை, ஒரு வாரம் பத்து நாள் போட்டுப் பார்க்கச் சொன்னார். சிவந்தாலோ அரித்தாலோ அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும். கழுத்து ஆறிய பிறகு நான் அப்படிப் பார்த்தேன், கையில் ஒன்றும் ஆகவில்லை. சூடு, வேர்வை, சங்கிலி உரசல், பதிமூன்று அடி எல்லாம் சேர்ந்துதான் கழுத்தைப் புண்ணாக்கியிருக்கும் என்றார். கழுத்துப் பக்கம் இன்றுவரை கொண்டுபோகவில்லை.

கைக்கு ஒன்றும் ஆகாததால் ஒரு வீம்பு வந்தது. இவ்வளவு காசைத் தின்றதே, இது உள்ளே என்னதான் வைத்திருக்கிறது என்று பார்த்துவிடுவோம் என்று ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினேன். காலை ஏழு மணிக்கு இடது முன்கையில் ஒரே ஒரு அடி, தேய்க்காமல். வலது கையில் துளி தேங்காய் எண்ணெய் தடவி, அதன் மேல் ஒரு அடி. தோன்றினதையெல்லாம் போனில் குறித்தேன். ஏழேகால் வரை எலுமிச்சைத் தோல். ஏழரைக்குத் துவைத்த துணி. எட்டு மணிக்குத் தர்பூசணியின் சிவப்பைத் தின்றுவிட்டுப் போடுவோமே வெள்ளைப் பகுதி, அது, கூடவே வெள்ளரிப்பிஞ்சு. நிழலில் இருந்தவரை நன்றாகவே இருந்தது. ஒன்பது மணிக்கு மொட்டை மாடியில் வடகம் காயப்போட ஏறினேன். வெயில் கையில் பட்டுப் பத்து நிமிஷம் இருக்கும், விளக்காத பித்தளைச் செம்பில் இரண்டு நாள் நின்ற தண்ணீர் மாதிரி ஒரு நெடி. கல்யாண மேடை அப்படியே கண் முன்னால் வந்தது. கீழே இறங்கி ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்ததும் அடங்கியது. பதினொரு மணிக்கு இடது கையில் பாதி குறைந்திருந்தது, எண்ணெய்க் கையில் இன்னும் கெட்டியாக நின்றது. காய்ந்த தோலில் வாசம் சீக்கிரம் பறக்கும், எண்ணெய்ப் பசையில் தங்கும். குளிர் மாதத்தில் இதை வேண்டுமென்றே செய்யலாம், வைகாசியில் வேண்டவே வேண்டாம்.

மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனேன். எழுந்தபோது இரண்டேகால். கை மூக்குக்குப் பக்கத்தில் கிடந்திருக்கிறது. தர்பூசணி இல்லை, பித்தளை இல்லை. உப்புக் காய்ந்த தோல் வாசம். கொஞ்சம் கட்டை வாசம், கரையில் கவிழ்த்துப் போட்ட படகின் பலகை வெயிலில் கிடந்தால் வருமே, அது. திருவான்மியூரில் இருட்டிய பிறகு ரூமுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது என் மேல் அடிக்கிற வாசம். எழுந்து உட்கார்ந்து ரொம்ப நேரம் கையை முகர்ந்துகொண்டே இருந்தேன். கடைக்காரப் பையன் எனக்கு விற்றது முதல் பத்து நிமிஷத்தை. கல்யாணக் கூட்டத்துக்குக் கிடைத்தது இரண்டாம் மணி நேரம். நான் தேடிப் போனது ஏழாம் மணி நேரத்தில் இருந்திருக்கிறது.

அதனால் இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான். கடைக்குப் போனால் ஒரு கையில் ஒன்று, மறு கையில் ஒன்று, அதற்கு மேல் வேண்டாம். அடித்துக்கொண்டு எதுவும் வாங்காமல் வெளியே வந்துவிடுங்கள். பையன் முகம் சுளிப்பான், சுளிக்கட்டும். வெயிலில் நடங்கள், டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு வாருங்கள், வீட்டுக்கு வந்து சமையல் செய்யுங்கள், ராத்திரி படுக்கும்போது கையை முகருங்கள். பிடித்திருந்தால் அடுத்த வாரம் போங்கள். 100 மில்லி வாங்கினால் மலிவு என்பார்கள்; மில்லிக் கணக்கில் அது சரிதான், ஆனால் தினமும் இரண்டு அடி அடித்தாலும் ஒரு பாட்டிலைத் தீர்க்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். சின்னப் பாட்டில் கேளுங்கள். பெட்டியில் ஓ டி பர்ஃபம் என்று இருந்தால் வாசனைப் பொருள் சுமாராக நூற்றுக்குப் பதினைந்து இருபது பங்கு, ஓ டி டாய்லெட் என்றால் அதைவிடக் குறைவு. நம் கோடைக்கு இரண்டாவதுதான் தோது. தலையில் மல்லி வைக்கிற அன்றைக்கு சென்டே வேண்டாம், மல்லியோடு போட்டி போட்டு ஜெயித்த சென்டை நான் பார்த்ததில்லை. பட்டிலும் முத்து நகையிலும் படவே கூடாது, முத்தின் பளபளப்பு போய்விடும். பாட்டிலைக் கார் டேஷ்போர்டிலும் பாத்ரூமிலும் வைக்காமல் இருட்டாக, குளிர்ச்சியாக வையுங்கள்.

நான் இப்போது அந்த சென்டை மார்கழியிலும் தையிலும் மட்டும் போடுகிறேன், ஒரே அடி, முழங்கை மடிப்பில். காலை ஏழு மணிக்குப் போட்டால் மதியம் கம்பெனியில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற நேரத்துக்குச் சரியாகக் கடல் வரும். பாட்டிலில் இன்னும் முக்கால்வாசி இருக்கிறது. தம்பி பெண்டாட்டி ஒரு நாள் எடுத்து முகர்ந்துவிட்டு, "நல்லாத்தானுங்க இருக்குது" என்றாள். இரண்டு மணி நேரம் பொறு என்றேன்.

போன மாதம் மாமா வீட்டு விசேஷத்துக்குப் பட்டை எடுக்க பீரோவைத் திறந்தேன். டிரை வாஷ் போயும் முந்தானையில் வாசம் மிச்சம் இருந்தது. படகுப் பலகை, உப்பு. அந்த நீலத் திட்டிலிருந்துதான் வருகிறது. நான் புடவையை முகத்தில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு அம்மா, "அதத்தா உள்பக்கமா மடிச்சுக் கட்டிக்கோன்னு சொன்னனில்ல கண்ணு, வெளிய தெரியாது" என்றாள். கறையைச் சொல்கிறாள்.